நடுக்கத்துக்கு முதல் சாட்சி

ஸ்காட்லாந்தின் பெர்த் நகரைச் சேர்ந்த ஜாய் மில்ன் ஓய்வுபெற்ற செவிலியர். அவருடைய கணவர் லெஸ் மயக்க மருந்து நிபுணர். லெஸ்ஸின் முப்பதுகளின் தொடக்கத்திலேயே அவர் உடம்பில் ஏதோ புது வாடை வீசுவதை ஜாய் உணர்ந்தார். சரியாகக் குளிப்பதில்லை என்று சண்டைகூடப் போட்டார். 45 வயதில் லெஸ்ஸுக்குப் பார்க்கின்சன் நோய் உறுதியானது. பின்னாளில் நோயாளிகள் கூடும் ஒரு கூட்டத்துக்கு இருவரும் போனபோது, அங்கிருந்தவர்களிடமும் அதே வாடை!

எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர் டிலோ குனத் இதைச் சோதித்துப் பார்த்தார். நோயுள்ள 6 பேரும் நோயில்லாத 6 பேரும் அணிந்த டி-ஷர்ட்டுகளை ஜாய் முகர்ந்தார். நோயாளிகள் ஆறு பேரையும் சரியாகச் சொன்னார். நோயில்லாத ஒருவரையும் அந்தக் கணக்கில் சேர்த்தார். அது ஒன்றுதான் தவறு என்று நினைத்தார்கள். எட்டு மாதம் கழித்து அந்த ஆளுக்கும் பார்க்கின்சன் என்று தெரியவந்தது.

இப்படி ஒரு மூக்கு எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால் கூடவே வாழ்பவரின் கண்ணில் படுவது மருத்துவருக்குப் பெரிய துணை. சர்க்கரை நோயைப் போல ரத்தம் எடுத்துப் பார்த்து, ‘பார்க்கின்சன்தான்’ என்று சொல்லிவிடும் வழக்கமான பரிசோதனை எதுவும் இல்லை. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். வேறு கோளாறு இல்லை என்று உறுதி செய்யத்தான் அதை எடுக்கிறார்கள். 1817-இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்நோயைப் பற்றி எழுதியபோது அவர் கையில் இருந்தது ஆறு பேரின் கதை. அவர்களில் சிலரைத் தெருவில் பார்த்ததோடு சரி. இருநூறு ஆண்டு கழிந்த பிறகும் நரம்பியல் மருத்துவர் முதலில் நம்புவது பார்ப்பதையும் கேட்பதையும்தான்.

நம் ஊரில் அந்த நரம்பியல் மருத்துவரைப் பார்ப்பதற்கே பல வாரம் ஆகிவிடுகிறது. சிறிய ஊர் என்றால் பஸ் ஏறி நகரத்துக்குப் போக வேண்டும். காத்திருக்கும் நாட்களில் வீட்டில் பதற்றம் கூடும். அதற்காக வாய்ப்பு கைநழுவிவிட்டது என்று அஞ்ச வேண்டாம். டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் மூளைச் செல்கள் பல ஆண்டுகளாக மெல்ல அழிந்து வந்து, பெரும் பங்கு போன பிறகுதான் கை நடுங்கவே தொடங்குகிறது. அந்த அழிவை நிறுத்தும் மருந்து இன்னும் வரவில்லை. இருக்கும் மருந்துகள் தொல்லைகளை அடக்குபவை. அதனால் சில வாரத் தாமதம் நோயின் போக்கை மாற்றிவிடாது.

மருத்துவரைப் பார்க்கும் நாள்வரை செய்ய வேண்டியது கவனிப்பது. டாக்டர் அறையில் பத்து நிமிடம் யாரும் நிமிர்ந்து நடந்துவிடுவார்கள். அதனால் நடுக்கம் உள்ளவரிடம் சொல்லிவிட்டு, அவர் வீட்டில் நடப்பதையும் சட்டைப் பொத்தான் போடுவதையும் போனில் வீடியோ எடுத்து வையுங்கள். டிவி பார்க்கும்போது மடியில் சும்மா கிடக்கும் கை நடுங்குகிறதா, காபி டம்ளரை எடுக்கும்போது நடுங்குகிறதா? முன்னது பார்க்கின்சனின் சாயல். பின்னது வேறு வகை நடுக்கமாக இருக்கலாம். தைராய்டு கோளாறிலும் அப்படி வரும். நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாமல் தொங்குகிறதா என்று பாருங்கள். பழைய செக்கில் போட்ட கையெழுத்தோடு இப்போதைய கையெழுத்தை ஒப்பிட்டால் எழுத்து சுருங்கியிருக்கிறதா என்பது தெரியும். தூக்கத்தில் கத்துவதும் கை காலை உதறி அடிப்பதும் பக்கத்தில் படுப்பவருக்கு மட்டுமே தெரிந்த சங்கதி. நடுக்கத்துக்குப் பல ஆண்டு முன்பே அது தலைகாட்டலாம். தாளிக்கும் வாசனை தெரியாமல் போவது, நாள்பட்ட மலச்சிக்கல், விடாத தோள்வலி இவற்றையும் குறித்து வையுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் மாத்திரைகள். நம் வீடுகளில் பழைய சீட்டைக் காட்டியே மாதக்கணக்கில் மாத்திரை வாங்கிச் சாப்பிடும் பழக்கம் உண்டு. ‘கேஸ் மாத்திரை’ என்று தினமும் போடுவதில் லெவோசல்பிரைடு கலந்திருக்கலாம். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடு, தலைசுற்றலுக்குத் தரும் சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்கான ஃபுளூனரிசின், மனநோய்க்கான சில மருந்துகள் எல்லாமே மூளையில் டோபமினின் வேலையைத் தடுக்கக் கூடியவை. இவற்றால் வரும் நடுக்கமும் விறைப்பும் அச்சு அசலாகப் பார்க்கின்சன் போலவே இருக்கும். மருந்தை நிறுத்தினால் சில வாரங்களிலோ மாதங்களிலோ பலருக்குச் சரியாகிவிடும். நிறுத்துவது எழுதிக்கொடுத்த மருத்துவரைக் கேட்டுத்தான். மனநல மருந்துகளைச் சட்டென்று விட்டால் ஆபத்து.

பூனைக்காலி விதையில் லெவோடோபா இருப்பது உண்மை. பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் மருந்தும் அதுதான். அதை நம்பி, நாமாகவே பொடி வாங்கிக் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை. எவ்வளவு உள்ளே போகிறது என்று தெரியாது, ரத்த அழுத்தம் சரியலாம், மருத்துவர் பார்க்க வேண்டிய அறிகுறியும் மங்கிப்போகும். பார்க்கின்சனோ என்ற சந்தேகத்துக்கு உள்ளானவரை மருந்து எதுவும் தொடங்காமலே நிபுணரிடம் விரைந்து அனுப்ப வேண்டும் என்கிறது பிரிட்டனின் நைஸ் (NICE) என்ற சுகாதார அமைப்பின் வழிகாட்டு நெறி.

பார்க்கின்சனில் முகத் தசைகள் விறைத்துப்போவதால் சிரிப்பும் கோபமும் முகத்தில் தெரியாது. “முகம் கொடுத்தே பேச மாட்டேங்கிறார்” என்று மனைவி குமைவதில் பாதி இந்நோயின் வேலையாக இருக்கலாம். குரலும் தணிந்துவிடும். அவசரப்படுத்தினால் கை இன்னும் நடுங்கும்; கிளம்ப வேண்டிய நேரத்துக்கு அரை மணி முன்பே தயாராகத் தொடங்குங்கள். நடைப்பயிற்சியை நிறுத்த வேண்டாம். குளியலறையில் பிடிமானம் வையுங்கள். டூவீலர் சாவியைப் பற்றி இருவரும் உட்கார்ந்து பேசுங்கள்.

சிலவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது. திடீரென ஒரு பக்கம் கை கால் விழுந்தாலோ வாய் கோணினாலோ பேச்சு குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம், உடனே 108-ஐ அழையுங்கள். அடிக்கடி கீழே விழுவது, விழுங்கச் சிரமம், தடுமாறும் நடையோடு சிறுநீர் அடக்க முடியாமையும் மறதியும் சேர்ந்து வருவது, நாற்பது வயதுக்குள் நடுக்கம் தொடங்குவது ஆகியவை இருந்தால், முன்கூட்டியே தேதி தரும்படி கேளுங்கள்.

போகிற நாளில் வீடியோ உள்ள போனையும் குறிப்பு நோட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். கடந்த ஓராண்டில் சாப்பிட்ட எல்லா மாத்திரை அட்டைகளையும், சாப்பிட்டு நிறுத்தியவை உட்பட, ஒரு பையில் போட்டுக்கொண்டு போய் மருத்துவரின் மேசையில் வையுங்கள்.