சந்தைச் சாலைக்கு சார்ஜிங் நிலையம் வருமா? மத்திய அரசின் மானியமும் விவசாயிகள் கவனிக்க வேண்டியவையும்

காய்கறி, பூ, வாழைத்தார் ஏற்றிச் செல்லும் சரக்கு ஆட்டோக்களில் இப்போது பேட்டரியில் ஓடுபவையும் கணிசமாகக் கலந்துவிட்டன. டீசல் செலவு மிச்சமாகிறது என்பது உண்மையே. ஆனால் சந்தைக்குப் போன வண்டி திரும்பி வருவதற்குள் பேட்டரி இறங்கிவிட்டால் என்ன செய்வது என்ற கவலை வண்டிக்காரருக்கும் இருக்கிறது. சரக்கு ஏற்றிய விவசாயிக்கும் இருக்கிறது. பொது இடங்களில் சார்ஜிங் நிலையம் அமைக்க மத்திய அரசு பெருந்தொகை ஒதுக்கியுள்ளது. அந்தப் பணம் யாருக்கு, எதற்காகக் கிடைக்கிறது, அதில் கிராமத்தின் பங்கு என்ன என்பதை விவசாயிகள் தெரிந்துகொள்வது நல்லது.

எவ்வளவு பணம்?

மின்சார வாகனங்களுக்கான மத்திய அரசின் முதல் திட்டம் 2015 ஏப்ரலில் தொடங்கியது. 2019 ஏப்ரல் 1-ல் தொடங்கிய ‘ஃபேம்-2’ திட்டத்தில் ரூ.10,000 கோடி ஒதுக்கப்பட்டது. அதில் ரூ.1,000 கோடி சார்ஜிங் வசதிக்கானது. 2023 மார்ச்சில் மூன்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களுக்கு, பெட்ரோல் பங்குகளில் 7,432 விரைவு சார்ஜிங் நிலையங்கள் அமைக்க ரூ.800 கோடி அனுமதிக்கப்பட்டது. முதல் தவணையாக ரூ.560 கோடி கொடுக்கப்பட்டது.

அதன் பின் வந்தது ‘பி.எம். இ-டிரைவ்’ திட்டம். 2024 அக்டோபர் 1-ல் நடைமுறைக்கு வந்த இத்திட்டத்தின் மொத்த ஒதுக்கீடு ரூ.10,900 கோடி. இதில் சார்ஜிங் நிலையங்களுக்கு மட்டும் ரூ.2,000 கோடி. கார் போன்ற நான்கு சக்கர வாகனங்களுக்கு 22,100, பஸ்களுக்கு 1,800, இரு மற்றும் மூன்று சக்கர வாகனங்களுக்கு 48,400 என்று மொத்தம் 72,300 சார்ஜர்கள் அமைப்பது குறிக்கோள். 2026 மார்ச்சில் முடிய வேண்டிய திட்டத்தின் காலம் 2028 மார்ச் 31 வரை நீட்டிக்கப்பட்டது. ஒதுக்கிய பணம் அதற்கு முன்பே தீர்ந்துவிட்டால் திட்டமும் அத்துடன் முடியும்.

மானியம் யாருக்கு?

இதற்கான விதிமுறைகள் 2025 செப்டம்பரில் வெளியாயின. அதன்படி இடத்தைப் பொறுத்து மானியம் மாறுகிறது.

அரசு அலுவலகம், அரசு மருத்துவமனை, கல்வி நிலையம் போன்ற அரசு இடங்களில், பொதுமக்கள் தடையின்றி வந்து பயன்படுத்தும்படி நிலையம் அமைத்தால் முழுச் செலவும், அதாவது 100 சதவீதமும் மானியம். ரயில் நிலையம், பஸ் நிலையம், பொதுத்துறை பெட்ரோல் பங்கு, சுங்கச்சாவடி போன்ற இடங்களில் மின்சாரத்தைக் கொண்டுவரும் கட்டமைப்புக்கு 80 சதவீதமும், சார்ஜர் கருவிக்கு 70 சதவீதமும் கிடைக்கும். கடைவீதி, சந்தை வளாகம், நெடுஞ்சாலை ஓரம் போன்ற மற்ற இடங்களில் மின் கட்டமைப்புக்கு மட்டும் 80 சதவீதம். கருவியின் விலையை அமைப்பவரே போட்டுக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒன்றை நன்றாகக் கவனிக்க வேண்டும். உழவு இயந்திர மானியம் போல் தனி விவசாயி மனுப் போட்டு இதைப் பெற முடியாது. மத்திய, மாநில அரசு அமைப்புகள் இடங்களைத் தொகுத்து அனுப்பும் திட்டங்களுக்கே பணம் வரும். எனவே, “உங்கள் நிலத்தில் சார்ஜிங் நிலையம் வைக்க அரசு மானியம் வாங்கித் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்” என்று யாராவது வந்தால் ஏமாந்துவிடக் கூடாது.

டிரான்ஸ்பார்மரே முக்கியம்

மின் கட்டமைப்புக்கு ஏன் இவ்வளவு மானியம் என்று சிலர் கேட்கலாம். பம்புசெட் வைத்திருப்பவர்களுக்கு இதற்கு விளக்கம் அதிகம் தேவையில்லை.

காருக்கான 60 கிலோவாட் விரைவு சார்ஜர் ஒன்று இழுக்கும் மின்சாரம், 5 ஹெச்.பி. மோட்டார் 16 ஒரே நேரத்தில் ஓடுவதற்குச் சமம். கிராமங்களில் பல இடங்களில் 63 கே.வி.ஏ., 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர்களே உள்ளன. 63 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரில் இப்படிப்பட்ட ஒரு சார்ஜரை மாட்டினால் மற்ற மோட்டார்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. மின்னழுத்தம் குறையும், மோட்டார் காயில் கருகும். நாற்று நட்ட வயலுக்குத் தண்ணீர் பாய வேண்டிய நேரத்தில் இது நேர்ந்தால் நஷ்டம் யாருக்கு?

ஆகவே கிராமச் சாலையில் விரைவு சார்ஜர் வருகிறது என்றால், அதற்குத் தனி டிரான்ஸ்பார்மர் உண்டா என்பதே ஊரார் கேட்க வேண்டிய முதல் கேள்வி. டிரான்ஸ்பார்மர், கேபிள், மின் பெட்டி ஆகியவற்றுக்குத்தான் 80 சதவீத மானியம் என்பதால், தனி டிரான்ஸ்பார்மர் கேட்பது நியாயமே.

சரக்கு ஆட்டோவுக்கு விரைவு சார்ஜர் தேவையா?

பெரும்பாலும் தேவையில்லை. மூன்று சக்கர சரக்கு வண்டியின் பேட்டரி ஏறக்குறைய 8 முதல் 10 யூனிட் மின்சாரம் கொள்ளும். 15 ஆம்பியர் பிளக்கில் மாட்டினால் சுமார் 4 மணி நேரத்தில் நிரம்பிவிடும். யூனிட் ரூ.8 என்று வைத்துக்கொண்டாலும் 10 யூனிட்டுக்கு ரூ.80 ஆகிறது. அதே தூரத்துக்கு டீசல் வண்டி 3 லிட்டர் குடித்தால், லிட்டர் ரூ.90 கணக்கில் ரூ.270 ஆகும். ஆனால் சில ஆண்டுகள் கழித்து பேட்டரி மாற்றும் செலவையும் சேர்த்துத்தான் லாபத்தைக் கணக்கிட வேண்டும்.

ஆகவே கிராமத்துக்கு வேண்டியது, சரக்கு இறக்கும் இடத்தில் நாலைந்து சாதாரண சார்ஜிங் முனைகள்தான். விடியற்காலையில் சந்தைக்கு வரும் வண்டி காலை 10 மணிக்குள் வேலை முடிந்து நிற்கிறது. மத்திய மின் அமைச்சகத்தின் 2024 செப்டம்பர் வழிகாட்டு நெறிமுறைகள், பொதுச் சார்ஜிங் நிலையங்களுக்குக் காலை 9 முதல் மாலை 4 மணி வரை, சூரிய ஒளி மின்சாரம் கிடைக்கும் நேரத்தில், சராசரி மின் வழங்கல் செலவில் 70 சதவீதத்தையும், மற்ற நேரத்தில் 130 சதவீதத்தையும் கட்டணமாக வைக்கச் சொல்கின்றன. மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அறிவிக்கும் கட்டணமே நடைமுறைக்கு வரும் என்றாலும், மலிவு நேரமும் சந்தை வண்டி ஓய்வாக நிற்கும் நேரமும் ஒன்றாக அமைவது விவசாயிகளுக்கு நல்வாய்ப்பு.

பம்புசெட் இணைப்பில் மாட்டக் கூடாது

தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாய பம்புசெட்டுகளுக்கு மின்சாரம் இலவசம். அந்த இணைப்பில் வாகனத்தை சார்ஜ் செய்வது, அனுமதித்த காரியத்துக்கு அல்லாமல் வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவதாகும். 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவின்படி, உரிய கட்டணத்தைப் போல் இரு மடங்கு கணக்கிட்டு வசூலிக்கலாம். ஒரு யூனிட் மிச்சம் பிடிக்கப் போய் இலவச இணைப்புக்கே ஆபத்தை வரவழைத்துக்கொள்ள வேண்டாம். வீட்டு இணைப்பில் சொந்த வண்டியை சார்ஜ் செய்ய மத்திய அரசின் நெறிமுறைகள் அனுமதிக்கின்றன.

நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டால்

நெடுஞ்சாலைகளில் இருபுறமும் 20 கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் இருக்க வேண்டும் என்பது 2024 நெறிமுறைகளின் நோக்கம். வாகனங்களை சார்ஜ் செய்து கொடுப்பது மின்சார விற்பனை ஆகாது, அதற்கு உரிமம் வேண்டியதில்லை என்று மத்திய மின் அமைச்சகம் 2018-லேயே தெளிவுபடுத்திவிட்டது. எனவே தனியார் நிறுவனங்கள் சாலையோர நிலத்தைத் தேடி வருவது இயல்பு.

அரசு நிலத்தைத் தரும்போது, சார்ஜ் ஆகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ரூ.1 பங்கு என்ற முறை உள்ளது. தனியார் நிலத்துக்கும் இதையே சிலர் பேசக்கூடும். நாளொன்றுக்கு 100 யூனிட் ஓடினால் ஆண்டுக்கு ரூ.36,500 வரும். 20 யூனிட்தான் ஓடினால் ரூ.7,300 மட்டுமே. வண்டி வராத சாலையில் நிலம் முடங்கி, வருமானமும் இல்லாமல் போகும். ஆகவே பங்கு எதுவானாலும் மாதத்துக்கு இவ்வளவு என்று குறைந்தபட்ச வாடகையை எழுத்தில் வாங்க வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற அனுமதி வாங்குவது யார் பொறுப்பு, நிறுவனம் விலகினால் டிரான்ஸ்பார்மரும் கான்கிரீட் தளமும் யாருக்கு என்பவற்றையும் முதலிலேயே முடிவு செய்துகொள்வது நலம்.

இப்போது செய்ய வேண்டியது

பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்கள், மாநிலத் தலைநகரங்கள், போக்குவரத்து மிகுந்த நெடுஞ்சாலைகள் ஆகியவற்றுக்கே திட்டத்தில் முன்னுரிமை தரப்பட்டுள்ளது. கேட்காமல் இருந்தால் பணம் முழுவதும் அங்கேயே போய்ச் சேரும்.

ஆனால் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம், உழவர் சந்தை, வேளாண்மை விரிவாக்க மையம் ஆகியவையும் அரசு இடங்களே. இவற்றையும் 100 சதவீத மானியப் பட்டியலில் சேர்த்து, இரு மற்றும் மூன்று சக்கர வாகனங்களுக்கான 48,400 சார்ஜர்களில் ஒரு பங்கைப் பெற்றுத் தரும்படி விவசாயிகள் கோரலாம். மாதந்தோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் இதற்கு ஏற்ற இடம். எந்தச் சந்தைக்கு நாளொன்றுக்கு எத்தனை பேட்டரி வண்டிகள் வருகின்றன, எத்தனை மணி நேரம் நிற்கின்றன, அருகில் உள்ள டிரான்ஸ்பார்மரின் திறன் என்ன என்ற மூன்று விவரங்களையும் ஒரு வாரம் எண்ணிக் குறித்து, மனுவோடு இணைத்துக் கொடுத்தால் அதற்குத் தனி மதிப்பு உண்டு.