தக்கை ஆடுது... மூச்சு விடாதீங்க!

ஞாயித்துக்கிழமை. மெஸ்ஸில் அதே ரப்பர் பூரி. பர்ஸில் இருப்பது ஒத்த நூறு ரூபாய். பக்கத்தில் தண்ணி கிடக்குற கண்மாய் ஏதாச்சும் இருக்கா? அப்போ கிளம்புங்க பாஸ், தூண்டில் போடலாம்!

வீடியோ பார்த்துட்டு ஆயிரக்கணக்கில் ராடு, ரீலுன்னு வாங்கிக் குவிச்சிடாதீங்க. என் ரூம்மேட் வாங்கினான். இப்போ அதில்தான் அவன் துண்டு காயுது. ஆள் உயரத்தைவிட நீளமா ஒரு மூங்கில் குச்சி, அதே நீளத்துக்கு நைலான் நரம்பு, சின்ன முள்ளு நாலஞ்சு, துளியூண்டு ஈயம். தக்கைக்குப் பழைய ஹவாய் செருப்பில் ஒரு துண்டு வெட்டிக்கலாம். முள்ளுக்கு ஒரு சாண் மேல ஈயத்தைக் கடிச்சுவிட்டு (பல்லால இல்லைங்க, கட்டிங் பிளேயரால!), இரை தரையை ஒட்டித் தொங்குற மாதிரி தக்கையை நகர்த்தி வைங்க. இரைக்கு மண்புழு. குமட்டுதா? மைதாவைக் கெட்டியாப் பிசைஞ்சு பட்டாணி சைஸில் உருட்டிக்கோங்க.

முக்கியமான மேட்டர். கண்மாயை மீன்பாசி குத்தகைக்கு விட்டிருப்பாங்க. குத்தகைக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு உட்காருங்க. ஒத்தத் தூண்டில்னா பெரும்பாலும் சிரிச்சுக்கிட்டே விட்டுடுவாங்க. அப்புறம், முழங்கால் தண்ணின்னு நம்பி உள்ள இறங்காதீங்க. மண் அள்ளின பள்ளம் மேல இருந்து பார்த்தா தெரியாது.

இனி தக்கைதான் உங்க கொஸ்டின் பேப்பர். டுப் டுப்புனு துள்ளுனா பொடிசுங்க கொறிக்குதுன்னு அர்த்தம், இழுக்காதீங்க. நிமிர்ந்து நின்ன தக்கை திடீர்னு படுத்துடுச்சா? மீன் இரையோட ஈயத்தையும் சேர்த்துத் தூக்கிடுச்சு. சரசரன்னு ஒரு பக்கமா நழுவினா, அப்பத்தான் மணிக்கட்டை மட்டும் ஒரு சுண்டு. என் முதல் நாள் ஸ்கோர்: ஒரு நண்டு, ஒரு பிளாஸ்டிக் பை. ரெண்டாவது ஞாயிறு கெளுத்தி சிக்குச்சு. ஆசையா கையால பிடிச்சேன், செவுளுக்குப் பின்னாடி இருக்குற முள்ளு ஏறிடுச்சு. சாயங்காலம் வரை கடுப்பு. பொறுக்குற சூட்டில் வெந்நீரில் கையை முக்கினப்புறம்தான் அடங்குச்சு. ஈரத்துணி இல்லாம கெளுத்தியைத் தொடாதீங்க!

மூணாவது ஞாயிறைத்தான் சொல்லணும். மழை விட்டு ஒரு வாரம். கரையோரம் தண்ணிக்கு மேல செக்கச்செவேல்னு ஒரு திட்டு நகர்ந்துகிட்டே இருந்துச்சு. பக்கத்தில் புழுவைப் போட்டதுதான் தாமதம், குச்சி வளைஞ்சிடுச்சு! விரால். ஒரு கிலோ தேறும். நான் போட்ட கூச்சலில், மடைப்பக்கம் ஆடு மேய்ச்சுக்கிட்டிருந்த தாத்தா ஓடி வந்தார். மீனைப் பார்க்கல. தண்ணியைப் பார்த்தார்.

"அந்தச் செவப்பு பூரா இதோட குஞ்சுப்பா. பசிக்கா கவ்வுச்சு? குஞ்சுகிட்ட வந்தியேன்னு கவ்வியிருக்கு. இது இல்லேன்னா பொழுது சாயறதுக்குள்ள மத்த மீனு தின்னுரும்."

ஹாஸ்டலுக்கு போட்டோ அனுப்பி, குழம்புக்குப் புளி ஊறப்போடச் சொல்லியாச்சு. என்ன பண்றது? ஈரக்கையால பிடிச்சு முள்ளைக் கழட்டினேன். முள்ளோட கொண்டியை முன்னாடியே பிளேயரால நசுக்கி வெச்சிருந்ததால சதை கிழியல. விட்டதும் வாலால என் மூஞ்சியில் தண்ணி அடிச்சிட்டுப் போச்சு. ரூமில் எனக்கு விழுந்த திட்டை இங்கே அச்சிட முடியாது.

அடுத்த ஞாயிறும் போனேன். செவப்புத் திட்டு பத்தடி தள்ளி நகர்ந்துகிட்டிருந்துச்சு. நான் மடைப்பக்கம் போயிட்டேன். அங்கே ஜிலேபி ராஜ்ஜியம். 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டு வந்த வெளிநாட்டு மீன், இன்னிக்கு நம்ம ஊர் மீன்களையே ஓரங்கட்டிடுச்சு. அதைப் பிடிக்க யாரும் வருத்தப்பட வேண்டாம். கிளம்பறப்போ அறுந்த நரம்பு ஒரு முழம்கூட விடாம சுருட்டி எடுத்துக்கிட்டேன், கொக்கு காலில் சிக்கிடும்.

மொத்தம் ஆறு ஜிலேபி. வறுத்ததில் ரெண்டு வார்டனுக்கு.