ஆறாம் வகுப்பு: எந்தப் பள்ளியில் சேர்ப்பது?

அருமனை போன்ற குமரி மாவட்டத்துச் சிற்றூர்களில் அரசுப் பள்ளியையும் அரசு உதவிபெறும் பள்ளியையும் நாம் ஒன்றாகவே பார்க்கிறோம். இரண்டிலும் இலவசப் பாடநூல், சத்துணவு உண்டு. ஆனால், சட்டத்தின் பார்வையில் இரண்டும் ஒன்றல்ல.

2020 முதல் மருத்துவத்திலும், 2021 முதல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளிலும் 7.5 சதவீத இடங்கள் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு ஒதுக்கப்படுகின்றன. இதற்கு ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். உதவிபெறும் பள்ளியில் படித்த பிள்ளைக்கு இது கிடைக்காது.

கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில், உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் இடமுண்டு.

எனவே, சேர்க்கும் முன் இவற்றை நேரில் விசாரிப்போம்:

1. கணிதம்-அறிவியல், சமூக அறிவியல், மொழி ஆகியவற்றுக்குத் தனித்தனி ஆசிரியர் இருக்கிறார்களா? 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அளவு.

2. நடுநிலைப் பள்ளி எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். ஒன்பதாம் வகுப்புக்கு அரசுப் பள்ளி எவ்வளவு தூரம்? பெண்பிள்ளைகள் போய்வரப் பேருந்து உண்டா?

3. கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா?

குறையிருந்தால் பள்ளி மேலாண்மைக் குழுவில் கேட்கலாம். அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோரே. பாதிப் பேர் பெண்கள். நம் தாய்மார்களும் அதில் இடம்பெற வேண்டும்.

உதவிபெறும் பள்ளியில் கற்பித்தல் சிறப்பாக இருக்கலாம். அதைத் தேர்ந்தெடுப்பது தவறல்ல. எதைப் பெறுகிறோம், எதை விடுகிறோம் என்று தெரிந்து தேர்ந்தெடுப்போம்.