ஆழ்கடலில் ஓர் அறுவைச் சிகிச்சை
1942 செப்டம்பர் 11. தென்சீனக் கடலின் அடியில் அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் ‘சீடிராகன்’. அதில் 19 வயது மாலுமி டாரல் ரெக்டர் குடல்வால் அழற்சியால் துடித்தார். கப்பலில் மருத்துவர் எவரும் இல்லை. மருத்துவ உதவியாளர் வீலர் லைப்ஸ் அறுவை அரங்கில் துணைக்கு நின்றவரே அன்றி, தாமே கத்தி பிடித்தவர் அல்லர்.

கப்பல் தலைவர் இசைவளித்தார். அதிகாரிகளின் உணவு மேசையே அறுவை மேசையாயிற்று. வளைத்த கரண்டிகள் அறுவைவாயை விரித்துப் பிடித்தன. துணி போர்த்திய தேநீர் வடிகட்டி, ஈதர் மயக்கமருந்துக்கு முகமூடியாயிற்று. டார்பிடோவுக்குரிய ஆல்ககாலில் கருவிகள் தூய்மையாயின. ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் குடல்வால் அகற்றப்பட்டது. ரெக்டர் பிழைத்துப் பணிக்குத் திரும்பினார். இதனை எழுதிய செய்தியாளர் ஜார்ஜ் வெல்லருக்கு 1943இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. லைப்ஸுக்குப் பதக்கம் கிடைத்ததோ 2005இல்தான்!

ஆயினும் கடற்படை மருத்துவத் தலைமை இத்துணிவை முன்மாதிரியாகக் கொள்ளவில்லை. இன்று நீர்மூழ்கிகளில் தனித்துப் பணியாற்றும் அமெரிக்க மருத்துவ உதவியாளர்கள், கனெக்டிகட் மாநிலத்துக் குரோட்டனில் ஏறத்தாழ ஓராண்டு பயில்கின்றனர். குடல்வால் அழற்சி எனில் உணவை நிறுத்தி, நரம்பு வழியே திரவமும் ஆன்டிபயாட்டிக் மருந்தும் செலுத்தி, கரையிலுள்ள மருத்துவரைக் கலந்து, நோயாளியைக் கரைசேர்க்க முயல்வதே இன்றைய முறை. (வீட்டிலும் அடிவயிற்றின் வலப்புறம் வலி நீடித்தால் பேதிமருந்து கொடுத்தல் கூடாது; குடல்வால் வெடிக்க நேரலாம்.)

இப்பணியை விழையும் பிள்ளைகள் உங்கள் இல்லத்தில் இருப்பின், 1948இல் நிறுவப்பெற்ற புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் நீட் தேர்வு வழியே சேர முயலலாம். கடற்படை மருத்துவர்க்குரிய சிறப்புப் பயிற்சி மும்பை ‘அஸ்வினி’ மருத்துவமனையில் அளிக்கப்படுகிறது.