பந்தெடுத்து மீளும் நாய்: பிளைபால் பயிற்சியின் விஞ்ஞானம்

நாகலாபுரத்தை உள்ளடக்கிய திருப்பதி மாவட்டத்தின் மலைக்காடுகள் செம்மரத்துக்குப் பெயர் பெற்றவை. கடத்தப்படும் செம்மரக் கட்டைகளை மோப்பத்தால் கண்டறிய நாய்கள் பழக்கப்பட்டிருக்கின்றன. அந்நாய்களுக்குச் செம்மரத்தின் விலையும் தெரியாது, வனச்சட்டமும் தெரியாது. குறித்த வாசனையைக் கண்டு காட்டினால் பயிற்சியாளர் தம்முடன் பந்து விளையாடுவார் என்பதே அவை அறிந்தது. மோப்ப நாய்கள் பலவற்றுக்குப் பந்துதான் கூலி. பந்தின்மீது நாய்க்குள்ள இவ்வேட்கையையே முழு விளையாட்டாக வளர்த்தெடுத்தது பிளைபால்.

இவ்விளையாட்டு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1960களின் இறுதியிலும் அடுத்த சில ஆண்டுகளிலும் உருப்பெற்றது. வட அமெரிக்கப் பிளைபால் சங்கம் 1984-இல் அமைந்து விதிகளை ஒழுங்குபடுத்தியது. ஒரு குழுவுக்கு நான்கு நாய்கள். இரு குழுக்கள் அடுத்தடுத்த பாதைகளில் போட்டியிடும். தொடக்கக் கோட்டிலிருந்து 6 அடியில் முதல் தடை. பின்னர் பத்துப்பத்து அடி இடைவெளியில் மூன்று தடைகள். கடைசித் தடையிலிருந்து 15 அடியில் பந்துப்பெட்டி. ஆக, பாதையின் நீளம் 51 அடி. நாய் நான்கு தடைகளையும் தாண்டிச் சென்று பெட்டியின் சாய்ந்த முகப்பை மிதித்தவுடன் உள்ளிருக்கும் வில் டென்னிஸ் பந்தை வெளியே தள்ளும். பந்தைக் கவ்விக்கொண்டு, அதே தடைகளைத் தாண்டி நாய் திரும்ப வேண்டும். அது கோட்டை அடைந்த பின்னரே அடுத்த நாய் கோட்டைக் கடக்கலாம். தடைகளின் உயரம் குழுவிலுள்ள குட்டையான நாய்க்கேற்ப அமைக்கப்படுவதால், குட்டை நாயொன்றைக் குழுவில் வைத்திருப்பது சாமர்த்தியமாகக் கருதப்படுகிறது. தேர்ந்த குழுக்கள் நான்கு நாய்களின் ஓட்டத்தையும் 20 வினாடிக்குள் முடித்துவிடுகின்றன.

பார்ப்பவருக்கு இது ஒரே பாய்ச்சலாகத் தோன்றும். உண்மையில் இது தாண்டுதல், மிதித்தல், கவ்வுதல், திரும்புதல், மீளுதல் ஆகிய செயல்களைக் கோத்த சங்கிலியாகும். சங்கிலியை முதற்கண்ணியிலிருந்து கற்பிக்க முயல்பவர் பெரும்பாலும் தோல்வியுறுவர். கற்பித்தல் கடைசிக் கண்ணியிலிருந்தே தொடங்குதல் வேண்டும். உதவியாளர் ஒருவர் நாயைப் பிடித்துக்கொள்ள, எசமானர் ஒரே ஒரு தடைக்கு அப்பால் நின்று அழைக்கிறார். நாய் தாண்டி வந்ததும் அதற்கு விருப்பமான இழுவைத் துணியைக் கொடுத்து விளையாடுகிறார். இது நிலைபெற்ற பின் இரண்டு, மூன்று, நான்கு தடைகள். இம்முறையில் நாய் எப்பொழுதும் அறியாததிலிருந்து அறிந்ததை நோக்கி ஓடுகிறது. ஓட்டத்தின் முடிவில் இன்பம் காத்திருக்கிறது என்னும் உறுதி அதன் வேகத்தைக் கூட்டுகிறது. நெடிய செய்யுளைக் கடைசி அடியிலிருந்து மனப்பாடம் செய்விக்கும் ஆசிரியருக்கு இம்முறை புதிதன்று.

இன்பம் விளைக்கும் செயலை உயிர்கள் மீண்டும் செய்யும் என்பதை அமெரிக்க உளவியலறிஞர் ஸ்கின்னர் சோதனைகளால் விரிவாக நிறுவினார். ஆயினும் வெகுமதியால் எதையும் கற்பித்துவிடலாம் என்று எண்ணுவது தவறு. அவருடைய மாணாக்கர்களான பிரெலண்ட் தம்பதியர், பன்றிகளுக்கு மரக்காசைக் கொண்டுவந்து உண்டியலில் இடக் கற்பித்தனர். சில வாரங்களுக்குப் பின் பன்றிகள் காசை வழியிலேயே போட்டு, கிழங்கைக் கிளறுவதுபோல் மூக்கால் கிளறத் தொடங்கின. பிறவிக் குணம் பயிற்சியை மீறுவதை அவர்கள் 1961-இல் எழுதி வெளியிட்டனர். நம் சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை இனங்களைப் பழக்குவோர் இதனை நினைவில் கொள்ளுதல் நலம். ஓடுவதைக் கண்ணால் கண்டு துரத்துவதற்கென்றே வளர்க்கப்பட்ட இனங்கள் இவை. பந்தைத் துரத்துவதில் இவற்றுக்குக் குறையில்லை. பிடித்ததைக் கொண்டுவந்து ஒப்படைப்பதே கடினம். பந்தை அதட்டிப் பிடுங்கினால் நாய் இன்னும் தொலைவாக ஓடும். பந்தைக் கொடுத்தால் அதனினும் விருப்பமான இழுவைத் துணி கிடைக்கும் என்று பழக்குவதே ஏற்றது. பந்து தொண்டைக்குள் நழுவாத அளவுடையதாக இருக்க வேண்டும்.

பயிற்சியில் மிகுந்த கவனம் வேண்டுவது பெட்டியருகில் திரும்பும் கணம். பழக்கப்படாத நாய் நேராகச் சென்று பெட்டியில் மோதி நிற்கும். அதன் வேகம் முழுவதும் முன்னங்கால் மூட்டுகளிலும் தோளிலும் இறங்கும். நீச்சற்குளத்தின் சுவரை உதைத்துத் திரும்பும் நீச்சல்காரனைப்போல், நாய் பக்கவாட்டில் ஏறி, நான்கு கால்களாலும் சாய்பலகையை உதைத்துத் திரும்ப வேண்டும். மனிதருள் வலக்கையர், இடக்கையர் உளராதல்போல நாய்க்கும் திரும்புவதற்கு விருப்பமான பக்கம் உண்டு. பந்தைப் பலமுறை உருட்டி, எடுத்தபின் எப்பக்கம் திரும்புகிறது எனக் கண்டு, அப்பக்கமே பழக்குதல் வேண்டும். முதலில் வெறும் சாய்பலகை. முன்னால் ஒரு தாழ்ந்த தடை, நாய் எம்பி ஏறுவதற்காக. திருப்பம் பிசகாது வந்த பின்னரே பலகையில் பந்து. ஓராண்டு நிரம்பாத குட்டிகளுக்கு எலும்பின் வளர்முனைகள் இறுகியிரா. ஆதலால் அவற்றைத் தாண்டவோ பலகையில் மோதவோ விடலாகாது. தரையில் கிடத்திய கழிகளைக் கடந்துவரச் செய்வதே அவற்றுக்குப் போதும்.

கலிபோர்னியாவில் பிறந்த விளையாட்டை நாகலாபுரம் போன்ற மலையடிவாரத்து ஊருக்குக் கொண்டுவருகையில் பேரிடையூறு வெயிலே. இவ்வட்டாரத்தில் கோடையில் உஷ்ணம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதுண்டு. நாய்க்கு வியர்வைச் சுரப்பிகள் பெரும்பாலும் பாதத்தில் மட்டுமே உள்ளன. உடற்சூட்டை அது இரைப்பினாலேயே தணிக்கிறது. காற்றில் ஈரம் மிகும்போது இரைப்பும் பயன் குன்றும். நாயின் இயல்பான உடற்சூடு ஏறத்தாழ 38 முதல் 39 டிகிரி. 41 டிகிரியை மீறினால் உயிருக்கே அபாயம். பந்துவெறி கொண்ட நாய் தானாக ஓட்டத்தை நிறுத்தாது, நிறுத்தவேண்டியவர் எசமானரே. ஆதலால் பயிற்சி விடியற்காலையில், மண் அல்லது புல்தரையில், சில ஓட்டங்களோடு முடிதல் வேண்டும். ஈறுகள் கடுஞ்சிவப்பாதல், நாக்கு அகன்று தொங்குதல், எச்சில் தடித்தல், கால் தள்ளாடுதல் ஆகியவை வெப்பத்தாக்கின் அறிகுறிகள். உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, உடல் முழுதும் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். ஈரத்துணியால் போர்த்தி வைத்தல் கூடாது. அது சூட்டை உள்ளேயே தேக்கிவிடும். உடற்சூடு தணியத் தொடங்கிய பின் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்க. நாய் எழுந்து நடந்துவிட்டதாயினும் இதனைத் தவிர்க்கலாகாது.