ஒரு மணித்தியாலக் கடல்

குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்றுகொண்டு, நெடுந்தீவு எவ்வளவு தூரம் என்று கேட்டுப் பாருங்கள். கிலோமீற்றரில் பதில் வராது. "ஒரு மணித்தியாலம்" என்பார்கள். சோளகக் காற்று எழும்பிய நாளென்றால், "இண்டைக்கு ஒண்டேகால் பிடிக்கும்" என்பார்கள். நயினாதீவைக் கேட்டால், "இந்தா, இருவது நிமிசம்." தூரத்தைக் கேட்டவருக்கு நேரத்தைச் சொல்வது எங்கள் தீவுப் பகுதியின் பழக்கம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அக்கரையில் பஸ் பிடிக்கப் போகிறவருக்கு வேண்டியது நேரம்தானே.

எனக்கு வீடு வேலணையில், வேலை நெடுந்தீவில். பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பாடநூல் 'கதி' என்று சொல்வதை ஊர் 'வேகம்' என்கிறது. இந்தக் கட்டுரையில் நான் ஊரோடு நிற்கிறேன். பாடநூலில் கணக்குகள் எல்லாம் செக்கனுக்கு இத்தனை மீற்றர் என்றே இருக்கும். பிள்ளைகள் அதைப் பிழையில்லாமல் செய்துவிடுவார்கள். ஒருநாள் பின்வாங்கில் இருந்த பெடியன் ஒருவன் எழும்பிக் கேட்டான்: "ரீச்சர், செக்கனுக்கு மீற்றர் எண்டு ஊரில ஆர் கதைக்கினம்?"

வகுப்பு சிரித்தது. ஆனால் அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. அவன் வீட்டையே எடுத்துக்கொள்வோம். மோட்டார் சைக்கிளின் முள் மணித்தியாலத்துக்குக் கிலோமீற்றர் காட்டுகிறது. தகப்பனின் வள்ளத்தில் இருக்கும் ஜிபிஎஸ் நொட் காட்டுகிறது. புத்தகம் செக்கனுக்கு மீற்றர் கேட்கிறது. அம்மம்மாவோ, நாடு மெற்றிக் முறைக்கு மாறி அரை நூற்றாண்டு ஆகப்போகிற இந்தக் காலத்திலும் கட்டைக் கணக்கில்தான் தூரம் சொல்கிறார். இத்தனையில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

முதலில் படகை எடுப்போம். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவு மாவிலித்துறைக்குக் கடல்வழி ஏறத்தாழ 11 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு மணித்தியாலத்தில் போய்ச் சேர்ந்தால் சராசரி வேகம் மணித்தியாலத்துக்கு 11 கிலோமீற்றர். அதையே ஜிபிஎஸ் 6 நொட் என்னும். புத்தகம் செக்கனுக்கு 3 மீற்றர் என்னும். பயணிக்கு இதில் உதவுவது 11 மட்டும்தான். அவசரமில்லாமல் சைக்கிள் மிதிக்கிற வேகம் அது என்று உடனே பிடிபடும். மிச்சத் தூரத்தை அதால் பிரித்தால் மிச்ச நேரமும் வந்துவிடும். செக்கனுக்கு 3 மீற்றர் என்று சொன்னால் அவர் மனக்கணக்கில் 3,600 ஐத் தேடி அலைய வேண்டும்.

இந்த ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஒரு காலத்தில் அதை அளந்தது குமுதினிப் படகு. 1985 மே 15 அன்று அதில் போய்க்கொண்டிருந்தவர்களில் பலர் நடுக்கடலில் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகும் அந்தப் படகு பல ஆண்டுகள் இதே கடலில் ஓடியது. வடதாரகை வந்தது, 2017 இல் நெடுந்தாரகை வந்தது. துறையில் நிற்பவர்கள் இன்றைக்கும் ஒரு மணித்தியாலம் என்றுதான் சொல்கிறார்கள்.

செக்கனுக்கு மீற்றரை மணித்தியாலத்துக்குக் கிலோமீற்றராக்கப் பெருக்க வேண்டிய 3.6 என்ற கரடுமுரடான எண் எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. மெற்றிக் முறையைக் கொண்டுவந்த பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் நேரத்தையும் பத்துப் பத்தாகப் பிரிக்கத்தான் பார்த்தார்கள். ஒரு நாளுக்கு 10 மணித்தியாலம், ஒரு மணித்தியாலத்துக்கு 100 நிமிடம் என்று 1793 இல் சட்டமே போட்டார்கள். சனம் ஏற்கவில்லை. 1795 இல் கைவிட்டார்கள். மீற்றர் நிலைத்தது, பழைய மணித்தியாலமும் நிலைத்தது. இரண்டையும் ஒட்டிய தையல்தான் 3.6. அனைத்துலக அலகு முறையில் நேரத்தின் அலகு செக்கன்தான். மணித்தியாலத்தை அதோடு சேர்த்துப் பயன்படுத்தலாம் என்று அனுமதி கொடுத்திருக்கிறார்கள். கொடுக்காவிட்டாலும் நாங்கள் விட்டிருக்கமாட்டோம்.

துறையில் நிற்பவர்களின் பழக்கத்தில் ஒரு கணித நன்மையும் இருக்கிறது. போகும்போது காற்று பின்னால் தள்ள, படகு மணித்தியாலத்துக்கு 12 கிலோமீற்றரில் போகிறது. திரும்பி வரும்போது காற்று முகத்தில் அடிக்க, 8 இல் வருகிறது. சராசரி என்ன? வகுப்பில் பாதிக்கு மேல் "10" என்று கத்தும். பிழை. 12 கிலோமீற்றர்க் கடலென்றால் போக ஒரு மணித்தியாலம், வர ஒன்றரை, இரண்டரை மணித்தியாலத்தில் 24 கிலோமீற்றர், ஆகவே 9.6. இதையே தலைகீழாக, ஒரு கிலோமீற்றருக்கு எத்தனை நிமிடம் என்று வைத்தால் போக 5, வர 7.5. கூட்டிப் பாதியாக்கினால் 6.25 நிமிடம். அதுவே சரியான விடை, பொறி எதுவும் இல்லை. ஒரே தூரத்தைத் திரும்பத் திரும்பப் போய் வருகிறவர்களுக்கு, வேகத்தைவிடக் கிலோமீற்றருக்கு இத்தனை நிமிடம் என்ற அளவுதான் நேர்மையாகக் கணக்குச் சொல்லும்.

இடியையும் இப்படித்தான் அளக்க வேண்டும். ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 340 மீற்றர் போகும் என்று மனப்பாடம் செய்துகொண்டு கடலில் இருப்பவருக்கு என்ன பயன்? மூன்று செக்கனுக்கு ஒரு கிலோமீற்றர் என்பது போதும். மின்னலுக்கும் முழக்கத்துக்கும் இடையில் பதினைந்து எண்ணினால் இடி விழுந்த இடம் ஐந்து கிலோமீற்றரில் இருக்கிறது. வெட்டவெளிக் கடலில் அது கிட்டத்தான்.

வேகம் என்ற பேச்சே பொருளற்றுப் போகிற இடமும் எங்களிடம் உண்டு. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே ஓடுகிற 'பாதை', அந்த மிதவை, கடப்பது ஒரு கிலோமீற்றருக்கும் குறைவு. அது அசைவதைவிட நாங்கள் காத்து நிற்பதுதான் கூட. என்றாலும், யாழ்ப்பாணம் சுற்றிப் போனால் நாற்பது கிலோமீற்றர் அளவு பிடிக்கும் என்பதால் எல்லோரும் காத்து நிற்கிறோம். அதன் வேகத்தை எந்த அலகில் சொன்னாலும் சிரிப்புத்தான் வரும்.

சரி, பெடியனின் கேள்விக்கு வருகிறேன். செக்கனுக்கு மீற்றர் எங்கே தேவைப்படும்? எதற்கும் அவகாசமில்லாத இடத்தில்.

பண்ணைத் தாம்போதி தாண்டி வேலணைப் பக்கம் வரும் வீதியில் மாடு குறுக்கே வராத நாளில்லை. மோட்டார் சைக்கிளில் 60 இல் வருகிறவர், மணித்தியாலத்துக்கு 60 கிலோமீற்றர் என்பதை ஒரு மணித்தியாலத்தின் கதையாகவே நினைக்கிறார். மாடு ஒரு மணித்தியாலம் தருவதில்லை. 60 என்றால் செக்கனுக்கு 16.7 மீற்றர். மாட்டைக் கண்டு, மூளை விளங்கி, கை பிரேக்கை அழுத்த ஒன்றரைச் செக்கன் போனால் வண்டி 25 மீற்றர் ஓடிவிட்டது, இன்னும் பிரேக்கே பிடிக்கவில்லை. காய்ந்த தார் வீதியில், நல்ல பிரேக்கோடு, நிற்க இன்னுமொரு 20 மீற்றர். மொத்தம் 45. அதையே 40 இல் வந்தால் முழுவதும் சேர்த்து 26 மீற்றரில் நிற்கலாம். முச்சக்கர வண்டிக்குச் சட்டம் வைத்திருக்கும் எல்லை அந்த 40 தான். மனக்கணக்குக்கு ஒரு வழி: நாலால் பிரித்து, வந்ததில் பத்தில் ஒரு பங்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 60 ஐ நாலால் பிரித்தால் 15, அதோடு 1.5, ஆக 16.5. போதுமான திருத்தம்.

நீரோட்டத்துக்கும் இந்த அலகே சரி. மணித்தியாலத்துக்கு 3.6 கிலோமீற்றர் ஓடும் நீர் என்றால் நடை வேகம்தானே என்று தோன்றும். செக்கனுக்கு ஒரு மீற்றர் என்று சொல்லிப் பாருங்கள். துறையில் கால் வழுக்கி விழுந்த பிள்ளையைப் பத்துச் செக்கனில் பத்து மீற்றர் தள்ளிக் கொண்டுபோய்விடும். 50 மீற்றரை நீந்தும் உலகின் அதிவேக நீச்சல்காரரே செக்கனுக்கு இரண்டரை மீற்றரைத் தொடுவதில்லை. சாதாரணமாக நீந்தத் தெரிந்த எங்களில் பலர் ஒரு மீற்றரையே எட்டமாட்டோம். இந்த உண்மை கிலோமீற்றரில் ஒளிந்துகொள்கிறது.

காற்றிலிருந்து மின்சாரம் எடுப்பவர்களும் செக்கனுக்கு மீற்றரில்தான் பேசுவார்கள். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் இந்திய நன்கொடையில் கலப்பு மின்திட்டம் ஒன்றுக்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தானது. சூரிய மின்சாரம் 1,700 கிலோவாற்று, காற்று மின்சாரம் 530 கிலோவாற்று, கூடவே மின்கலத் தொகுதியும் டீசல் இயந்திரங்களும். காற்றின் வலு அதன் வேகத்தின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்து ஏறும். செக்கனுக்கு 5 மீற்றரில் வீசும் காற்று, ஒரு சதுர மீற்றர் வாயிலுக்குள்ளால் கொண்டுபோகும் வலு ஏறத்தாழ 75 வாற்று. 10 மீற்றரில் வீசினால் இரண்டு மடங்கல்ல, எட்டு மடங்கு: 600 வாற்று. சுழலி அதில் ஒரு பங்கைத்தான் பிடிக்கும் என்பது வேறு கதை. வாற்று என்ற அலகே மீற்றராலும் செக்கனாலும் கட்டப்பட்டது என்பதால் கணக்கு நேராக ஓடுகிறது. கிலோமீற்றரைப் போட்டால் ஒவ்வொரு தடவையும் 46.656 ஆல் பிரித்துக்கொண்டிருக்க வேண்டும். வேகத்தை இன்னொரு கணக்குக்குள் போடுவதென்றால் பாடநூல் சொல்வதுதான் வழி. அந்தப் பெடியனுக்கு நான் சொன்ன பதிலும் இதுவே.

இனி நொட். கடல் மைல் என்பது பூமியின் அகலக்கோட்டில் ஒரு கலை, அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. அதை 1929 இல் 1,852 மீற்றர் என்று நிலைப்படுத்தினார்கள். ஒரு மணித்தியாலத்தில் ஒரு கடல் மைல் போனால் ஒரு நொட். கடல் வரைபடத்தின் ஓரத்தில் இருக்கும் அகலக்கோட்டு அளவையே அடிமட்டமாக வைத்துத் தூரம் எடுக்கலாம் என்பதால், பெருங்கடலில் ஓடும் கப்பல்காரருக்கு அது வசதி. குறிகட்டுவானுக்கும் மாவிலித்துறைக்கும் நடுவே யாரும் வரைபடம் விரிப்பதில்லை.

எனக்குப் பயம் வேறு இடத்தில். வளிமண்டலவியல் திணைக்களம் மீனவருக்குக் காற்றை மணித்தியாலத்துக்கு இத்தனை கிலோமீற்றர் என்று அறிவிக்கிறது. கைத்தொலைபேசிச் செயலிகள் பல அதே காற்றை நொட்டில் காட்டுகின்றன. துறைக்கு வந்து சேரும்போது அலகு உதிர்ந்து எண் மட்டும்தான் மிஞ்சும். "இண்டைக்குக் காத்து இருவதாம்." எந்த இருபது? கிலோமீற்றர் என்றால் வள்ளம் தாராளமாகப் போகலாம். நொட் என்றால் அது 37 கிலோமீற்றர். 2009 இல் பெர்லினில் உசெயின் போல்ட் 100 மீற்றர் ஓடிய சராசரி வேகத்துக்குக் கிட்ட. வேகம் இரண்டு மடங்குக்குக் கிட்ட என்றாலும், காற்று வள்ளத்தைத் தள்ளும் விசை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், மூன்றரை மடங்குக்கு வந்துவிடுகிறது. அந்தக் காற்றில் கடல் முழுக்க அலை உச்சிகள் வெளுத்திருக்கும். 1805 இல் பிரித்தானியக் கடற்படையின் பிரான்சிஸ் போபோட் காற்றை வகைப்படுத்தியபோது வேக எண்களே போடவில்லை. கப்பலுக்கு எவ்வளவு பாய் விரிக்கலாம் என்று பார்த்துத்தான் பிரித்தார். எங்கள் ஓட்டிகளும் கடலைப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். எண்ணை நம்புவது கரையில் நிற்கும் நாங்கள்தான். ஆகவே இறங்குதுறைப் பலகையில் காற்றைக் கிலோமீற்றரில், அலகோடு, திணைக்களம் சொன்ன அதே எண்ணில் எழுதுங்கள். படகுக்கு வேகம் எழுத வேண்டாம். போய்ச் சேரும் நேரத்தை எழுதினால் போதும்.

தகப்பன்மார் சிலர் ஜிபிஎஸ்ஸைக் கிலோமீற்றருக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்டார்கள், மாற்றிக் கொடுத்தேன். ஒருவர் மட்டும் மறுத்தார். "எனக்கு நொட்டிலேயே கிடக்கட்டும் ரீச்சர். எல்லையைக் கடல் மைலிலதான் கதைக்கிறாங்கள். நேவிக்காரர் கேட்டா அதைத்தானே சொல்லோணும்." 1974 இல் கச்சதீவோடு சேர்த்து வரையப்பட்ட எல்லைக்குப் பக்கத்தில் வலை போடுகிறவரிடம் நான் என்ன வாதாட முடியும்? வீட்டுக்காரருக்குக் கிலோமீற்றரில் சொல்ல வேண்டுமென்றால் இரண்டால் பெருக்கிக் கொஞ்சம் குறைத்துச் சொல்லுங்கோ அண்ணை என்றேன்.

"ஏன் குறைப்பான்? காத்தைக் கூட நினைக்கிறதுதானே நல்லது."

காற்றுக்கு அது சரிதான். ஆனால் படகின் வேகத்தையும் அப்படிக் கூட்டி நினைத்தால் ஒரு மணித்தியாலப் பயணத்தை 55 நிமிடம் என்று கணக்குப் போட்டுவிடுவோம். குறிகட்டுவான் பஸ் மிச்ச ஐந்து நிமிடம் நிற்குமா என்பது அன்றைய சாரதியைப் பொறுத்தது.