செந்தண்டு டாக்வுட்டை இனங்காணல்

வட அமெரிக்காவின் ஆற்றங்கரைகளிலும் ஈரநிலங்களிலும் இயல்பாக வளரும் புதர், செந்தண்டு டாக்வுட். குளிர்காலத்தில் இலையுதிர்ந்து நிற்கையில் அதன் சிவந்த தண்டுகள் அதனை எளிதில் காட்டிவிடும். கோடையின் இறுதியில் வெண்கனிகள் கண்ணைக் கவரும். ஆயினும், கனியை மட்டும் கொண்டு முடிவு செய்தல் தவறு. கிழக்குப் பகுதிச் சதுப்புகளில் வளரும் நச்சு சுமாக்கும் வெண்கனி தாங்கும். அதன் எண்ணெய் தோலில் பட்டால் அரிப்பும் கொப்புளமும் தோன்றும்.

எனவே, தொடுமுன் இலையமைவை நோக்குதல் வேண்டும். டாக்வுட்டில் தனியிலைகள் கணுவிற்கு இரண்டாக எதிரெதிரே அமையும். பக்க நரம்புகள் நுனி நோக்கி வளைந்து செல்லும். சுமாக்கில் கூட்டிலைகள் கணுவிற்கு ஒன்றாக மாறி மாறி அமையும். அதன் எதிரெதிர்ச் சிற்றிலைகளைத் தனியிலைகள் எனக் கருதி மயங்குதல் கூடாது.

இவ்வேறுபாடு தெளிந்தபின், இலையைக் குறுக்கே மெல்லக் கிழித்துப் பார்க்கலாம். டாக்வுட் எனில், நரம்புகளிலிருந்து நீளும் மெல்லிய இழைகள் இரு துண்டுகளையும் பிணைத்து நிற்கும்.